வாசகர் கேள்வி-பதில்: ரோமையின் திருத்தொண்டர் லாரன்ஸ்

ஆகஸ்ட் 10 புனித லாரன்ஸ் திருநாள். அவரைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

லாரன்ஸ் என்று ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா? அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு?
(வாசகர், தூத்துக்குடி)

வாழ்ந்தார். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒரு வரிதான்: ரோமைத் திருச்சபையின் திருத்தொண்டர் (டீக்கன், குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்), 258 ஆகஸ்ட் 10-ல் கொல்லப்பட்டார், திபுர்த்தினா சாலையோரம் அடக்கம் செய்யப்பட்டார். 354-ஆம் ஆண்டின் ரோமைப் பஞ்சாங்கத் தொகுப்பு ஒன்றில் மறைசாட்சிகளின் (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களின்) அடக்கப் பட்டியல் இருக்கிறது. அதில் அவர் பெயரும் நாளும் சாலையும் மட்டும் வருகின்றன, கதை எதுவும் இல்லை. வரலாற்றுக்கு அதுதான் பலம். பெயர், நாள், இடம் மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரே கல்லறையில் மக்கள் கூடி வந்ததற்கான தடயம் அது. கற்பனைப் புனிதர்களுக்கு நீண்ட கதை இருக்கும், கல்லறை இருக்காது. லாரன்ஸ் விஷயத்தில் கல்லறை முந்தியது, கதை பிந்தியது.

பின்னணி இது. பேரரசர் வலேரியன் 257-ல் ஓர் ஆணை பிறப்பித்தார், 258-ல் அதைக் கடுமையாக்கினார். ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகிய மூவகையினரையும் பிடித்தவுடன் தண்டிக்க வேண்டும் என்பது இரண்டாவது ஆணை. ஆகஸ்ட் 6-ல் திருத்தந்தை 2-ஆம் சிக்ஸ்துஸ் கல்லறைத் தோட்டத்தில் பிடிபட்டு, நான்கு திருத்தொண்டர்களோடு கொல்லப்பட்டார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அந்த நாட்களிலேயே எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. அடுத்த மாதம், செப்டம்பர் 14-ல், சிப்ரியானின் தலையும் வெட்டப்பட்டது. சிக்ஸ்துஸ் இறந்து நான்கு நாள் கழித்து லாரன்ஸ்.

அவர் ஸ்பெயினின் ஹுயெஸ்காவில் பிறந்தவர் என்பது மரபுச் செய்தி. ஹுயெஸ்கா மக்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் தொடக்கக்காலச் சான்று அதற்கு இல்லை.

இரும்புக் கிராதியில் வைத்து வாட்டினார்கள், "ஒரு பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்" என்று அவர் சொன்னார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். நடந்ததா?
(வாசகர், திண்டுக்கல்)

"நெருப்பு", "கிராதி", "வசனம்" மூன்றையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

நெருப்பு நம்பக்கூடியது. திருத்தந்தை தமாசுஸ் (366–384) லாரன்ஸுக்காகக் கல்லில் பொறிக்க எழுதிய சிறு பாடலில் சாட்டையடி, கொலைஞர், தீ, வதை, சங்கிலி எல்லாம் வருகின்றன. மரணத்துக்கும் அந்தப் பாடலுக்கும் இடையே நூறு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல். "உடனே தண்டிக்கச் சொன்ன ஆணையின்படி வாளால்தான் வெட்டியிருப்பார்கள்" என்று வாதிடுவோர் உண்டு. அது முழு வாதம் ஆகாது. அதே வலேரியன் காலத்தில், 259 ஜனவரி 21-ல், ஸ்பெயினின் தர்ரகோனாவில் ஆயர் புருக்துவோசுஸும் அவருடைய இரண்டு திருத்தொண்டர்களும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அந்த விசாரணைக் குறிப்பை ஆய்வாளர்கள் பெரிதும் நம்புகிறார்கள். ஆக, தீயால் கொல்வது அந்த ஆணையின் கீழ் நடந்திருக்கிறது.

கிராதிதான் சந்தேகம். அதைச் சொல்லும் பழைய சாட்சி மிலான் ஆயர் அம்புரோஸ், எழுதிய காலம் ஏறக்குறைய 390. அதாவது 130 ஆண்டு இடைவெளி. அதற்குள் வேறு மறைசாட்சிகளின் கதைகளில் இத்தகைய இரும்புக் கருவிகள் பரவிவிட்டன. 177-ல் பிரான்சின் லியோனில் சுட்ட இரும்பு நாற்காலி, பேரரசர் தியோக்கிளேசியன் காலத்தில் நிக்கோமேதியாவில் பேதுரு என்ற அரண்மனைப் பணியாளரைக் கிராதியில் வாட்டியது ஆகியவற்றை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் கதையின் கருவி இன்னொருவர் கதைக்குள் நுழைவது மறைசாட்சி இலக்கியத்தில் சாதாரணம்.

"திருப்பிப் போடுங்கள்" என்ற வசனமும் அம்புரோஸிடமிருந்தே வருகிறது. அவர் இதை எழுதியது குருக்களுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் நூலில், எடுத்துக்காட்டாக. சில ஆண்டுகளில் ஸ்பெயின் கவிஞர் புருதென்சியுஸ் இதை 500 வரிக்கும் மேற்பட்ட பாடலாக விரித்தார். மேற்கத்திய உலகம் அறிந்த லாரன்ஸ் பெரும்பாலும் அந்தப் பாடலின் லாரன்ஸ்தான். மறைக்கல்வி வகுப்பில் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். "அம்புரோஸ் இப்படி எழுதினார்" என்ற அரை வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பையன் இணையத்தில் தேடிவிட்டு வந்து மடக்க முடியாது.

திருச்சபையின் செல்வத்தைக் கேட்ட அதிகாரிமுன் ஏழைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்பார்களே, அதுவும் பின்னால் சேர்ந்ததுதானா?
(வாசகர், நாகர்கோவில்)

காட்சியின் வடிவம் பின்னால் வந்தது. அடிப்படை அப்படியல்ல. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லலாம், ஏனென்றால் லாரன்ஸின் புகழ் நிற்கும் தூண் கிராதி அல்ல, இதுதான்.

ரோமையில் அப்போது திருத்தொண்டர் என்பவர் பீடத்தில் உதவி செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அல்ல. ஏழு பேர்தான் இருந்தார்கள். நகரத்துப் பணிப் பகுதிகளை அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர் திருத்தந்தை ஃபாபியன் (இறப்பு 250). காணிக்கைப் பணம், கல்லறைத் தோட்டங்கள், உணவு தானியப் பங்கீடு, சிறையில் இருப்போர் நலம் எல்லாம் அவர்கள் கைவழிதான் போயின. எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு அருமையான கணக்கு ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. 251-ஐ ஒட்டி திருத்தந்தை கொர்னேலியுஸ் அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் ரோமைச் சபையின் ஆட்பட்டியலைத் தருகிறார்: குருக்கள் 46, திருத்தொண்டர் 7, துணைத் திருத்தொண்டர் 7, பீடத்துணைவர் 42, பேயோட்டுவோர், வாசகர், வாயிற்காப்போர் சேர்த்து 52. இவர்களைத் தவிர, சபை சோறு போட்டுக் காப்பாற்றிய கைம்பெண்களும் வறியவர்களும் 1,500-க்கு மேல்.

லாரன்ஸ் கொல்லப்படுவதற்கு ஏழெட்டு ஆண்டு முந்தைய கணக்கு இது. 1,500 பேர், 7 திருத்தொண்டர். தலைக்கு 200 பேருக்கு மேல் வருகிறது. இவர்களுக்கு யார் எங்கே குடியிருக்கிறார், யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு இல்லாமல் ஒரு மாதம்கூட வண்டி ஓடாது. ஆகவே "செல்வம் எங்கே" என்று அரசு கேட்க வேண்டுமானால் ஒரு திருத்தொண்டரைத்தான் கேட்டிருக்கும். தண்டனையோடு சொத்துப் பறிமுதலும் வலேரியனின் இரண்டாம் ஆணையில் இருந்தது. உயர்குடிக் கிறிஸ்தவர்களின் உடைமைகள் அதில் குறி வைக்கப்பட்டன. அரசு கஜானா காலியாக இருந்த காலம் அது.

இனி கதையின் விவரம். அம்புரோஸ் சொல்வதில், செல்வத்தைக் காட்டுவதாக வாக்களித்த லாரன்ஸ் மறுநாளே ஏழைகளைக் கூட்டி வந்து "இவர்களே திருச்சபையின் கருவூலம்" என்கிறார். புருதென்சியுஸ் பாடலில் மூன்று நாள் தவணை கேட்கிறார், நகரம் முழுக்க அலைந்து பார்வையற்றோர், ஊனமுற்றோர், தொழுநோயாளர் ஆகியோரைத் திரட்டுகிறார், பெயர்ப்பட்டியலும் எழுதுகிறார். சிக்ஸ்துஸ் இறந்த 6-ஆம் தேதிக்கும் லாரன்ஸ் இறந்த 10-ஆம் தேதிக்கும் இடையே உள்ள இடைவெளியை அந்த மூன்று நாள் நிரப்புகிறது என்பதையும் கவனியுங்கள். பிரசங்கம் தயாரிப்போர் இரண்டு கதையையும் ஒன்றாகக் குழப்பிவிடுவது வழக்கம். மேற்கோள் அம்புரோஸுடையது, மூன்று நாளும் பட்டியலும் புருதென்சியுஸுடையவை.

அம்புரோஸ் இதை எழுதியதற்கு ஓர் உடனடிக் காரணமும் இருந்தது. போர்க்கைதிகளை மீட்க அவர் ஆலயத்துப் பாத்திரங்களை உருக்கி விற்றார், அதற்காகக் குற்றம் சாட்டப்பட்டார். தன் பக்கம் பேச அவர் அழைத்த சாட்சிதான் லாரன்ஸ்.

ஊட்டி லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி இவர் பெயரில் தொடங்கியதா?
(வாசகர், கோத்தகிரி)

இல்லை. 1857-ல் லக்னோவில் இறந்த ஆங்கிலேய அதிகாரி சர் ஹென்றி லாரன்ஸ் பெயரில். பள்ளி தொடங்கியது 1858.

எங்கள் கோயிலில் ஒரு பழைய சொரூபம். சிலர் லாரன்ஸ் என்கிறார்கள், சிலர் முடியப்பர் (ஸ்தேவான்) என்கிறார்கள். கையில் இருந்த பொருள் உடைந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், பெரியதாழை)

இருவருமே திருத்தொண்டர்கள் என்பதால் வரும் குழப்பம். இளைஞர், தாடியில்லாத முகம், கையில் குருத்தோலை, தல்மாத்திக் உடை என்று சிற்பிகள் இருவரையும் ஒரே அச்சில் வார்த்தார்கள்.

முதலில் மேலுடையைப் பாருங்கள். தைத்த அகலக் கையும் நேராக வெட்டிய கீழ் ஓரமும் இருந்தால் அது தல்மாத்திக், எனவே திருத்தொண்டர். கை இல்லாமல் தோளிலிருந்து தொங்கினால் அது குருவின் பூசை உடை, இந்த இருவரும் அல்ல. இதைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துத்தான் பலர் தவறுகிறார்கள்.

அடுத்து, தலை, தோள், கையில் பிடித்த புத்தகத்தின் மேல்பகுதி. அங்கே சிறு கற்கள் ஒட்டியிருந்தாலோ ஒட்டியிருந்த தழும்பு இருந்தாலோ முடியப்பர்; கல்லெறிந்து கொல்லப்பட்டவர் அவர். கையிலிருந்த பொருள் போனாலும் தலையிலுள்ள கல் போவதில்லை. லாரன்ஸுக்குக் கிராதி, சில சமயம் பணப்பை அல்லது நீண்ட சிலுவைக் கோல். கிராதி பெரும்பாலும் நின்ற நிலையில் சொரூபத்தின் அடிப்பீடத்தில் ஊன்றியிருக்கும். ஆகவே கையில் துளை, நேர்க்கீழே பீடத்தில் இன்னொரு துளை அல்லது வெட்டுத் தடம் இருந்தால் லாரன்ஸ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கண்ணி உண்டு. சரகோசா நகரின் வின்சென்டும் திருத்தொண்டர், அவர் வதைபட்ட கதையிலும் கிராதி வருகிறது. அவருக்குக் கூடுதலாகக் காகம், எந்திரக்கல், திராட்சைக்குலை ஆகியவற்றில் ஒன்று இருக்கும். இந்தக் குழப்பம் நிபுணர்களையும் விடவில்லை: இத்தாலியின் ரவென்னாவில் கல்லா பிலாசிதியா கல்லறை மண்டபத்தில் 5-ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்று உண்டு, எரியும் கிராதியை நோக்கிச் சிலுவையோடு நடக்கும் ஒருவர், எதிரே நான்கு நற்செய்தி நூல்கள் வைத்த அலமாரி. லாரன்ஸ் என்பதே பெரும்பான்மைக் கருத்து, வின்சென்ட் என்போரும் இருக்கிறார்கள்.

தாடியும் கப்புச்சின் சபைத் துறவியின் அங்கியும் இருந்தால் அவர் பிரிந்திசி லாரன்ஸ், வேறு காலத்தவர். அடையாளம் முடிவாகும்வரை சொரூபத்துக்குப் புது வர்ணம் பூச விடாதீர்கள். தழும்பையும் துளையையும் முதலில் மூடுவது பெயிண்டரின் பட்டிதான்.

ஒரு திருத்தொண்டரின் பெயர் இத்தனை நாடுகளில், ஆறுகளில், ஊர்களில் எப்படி ஏறியது?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பாதி பக்தி, பாதி காலண்டர். ரோமையில் கான்ஸ்டன்டைன் அவர் கல்லறை அருகே நூறு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளத்தில் ஆலயம் கட்டினார். பேதுரு, பவுலுக்கு அடுத்தபடியாக ரோமை கொண்டாடிய பெயர் அவருடையதே. பூசையின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் அவர் பெயர் சேர்ந்தது, அதன்பின் லத்தீன் பூசை போன இடமெல்லாம் பெயரும் போயிற்று.

இதற்குமேல் வேலை செய்தது தேதி. ஆகஸ்ட் வடக்கே போருக்கும் கடற்பயணத்துக்கும் ஏற்ற மாதம். அந்த நாளில் எது நடந்தாலும் அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. 955 ஆகஸ்ட் 10-ல் லெஃக்ஃபெல்டில் மகியார்களை (ஹங்கேரியர்களை) வென்ற ஜெர்மன் அரசர் ஓட்டோ, நேர்ந்துகொண்டபடி மெர்செபர்கில் மறைமாவட்டம் அமைத்தார் (968). 1500-ல் போர்த்துக்கீசியத் தளபதி காபிராலின் கப்பற்படை கோழிக்கோட்டுக்கு வரும் வழியில் புயலில் பிரிந்த தியோகோ தியாஸ் மடகாஸ்கரைக் கண்டது ஆகஸ்ட் 10. போர்த்துக்கீசிய வரைபடங்களில் அந்தத் தீவு நெடுநாள் "சாவோ லோரென்சோ" தான். 1535 ஆகஸ்ட் 10-ல் கனடாவில் பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே ஒதுங்கிய ஒரு சின்ன விரிகுடாவுக்கு இவர் பெயர் வைத்தார். வரைபடக்காரர்கள் அதைப் பெரிய வளைகுடாவுக்கும் பிறகு ஆற்றுக்குமே இழுத்துவிட்டார்கள். அதுதான் இன்றைய செயின்ட் லாரன்ஸ் ஆறு.

1557-ல் அதே தேதியில் சான் குவாந்தான் போரில் ஸ்பெயின் வென்றது. இரண்டாம் பிலிப் மாட்ரிட் அருகே எஸ்கோரியால் மடத்தையும் அரண்மனையையும் 1563–1584-ல் எழுப்பி லாரன்ஸுக்கு அர்ப்பணித்தார். முற்றங்கள் கட்டம் கட்டமாக இருப்பது கிராதியைப் பார்த்து வரைந்ததால் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். கட்டம் கட்டமான முற்றங்கள் அதற்கு முன்பே ஸ்பெயின் மருத்துவமனைகளில் உண்டு, எனவே அந்தப் பேச்சைச் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள்.

நமக்கு அருகில் கர்நாடகத்தின் கார்க்களா அருகே அத்தூரில் அவர் பெயரில் பெருவிழா நடக்கிறது, ஆனால் ஜனவரியில். அந்த ஆலயம் 2016-ல் சிறு பசிலிக்கா ஆனது.

"லாரன்ஸின் கண்ணீர்" என்ற எரிகல் பொழிவை நம்மூரிலிருந்து பார்க்க முடியுமா?
(வாசகர், ஏற்காடு)

முடியும். ஆனால் ஆகஸ்ட் 10 இரவில் காத்திருந்துவிட்டு ஏமாறாதீர்கள், உச்சம் இப்போது 12–13-ல். ஸ்விஃப்ட்–டட்டில் வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசிப் பாதையைப் பூமி கடக்கும்போது தெரிவது இது. துகள்கள் நொடிக்கு ஏறக்குறைய 59 கி.மீ. வேகத்தில் காற்றில் மோதி எரிகின்றன. நம் நாட்காட்டி பருவத்தைப் பின்பற்றுகிறது, அந்தப் பாதையோ விண்மீன்களை வைத்து நிலைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்கணக்குக்கும் வித்தியாசம் சுமார் 20 நிமிடம். எனவே ஏறக்குறைய 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் உச்சம் பின்னே தள்ளிப்போகிறது. 1830-களில் அது 10-ஆம் தேதியோடு பொருந்தியது. லாரன்ஸ் இறந்த 258-ல் உச்சம் ஜூலை 20-ஐ ஒட்டி வந்திருக்கும். அவர் இறந்த இரவில் வானம் அழுதது என்று சொல்வோருக்கு இந்தக் கணக்கு பிடிக்காது.

தமிழ்நாட்டு அட்சரேகையில் பொழிவின் மையப்புள்ளி (எரிகற்கள் புறப்படுவதுபோல் தோன்றும் இடம்) இரவு 11 மணிக்குச் சற்று முன்தான் வடகிழக்கில் எழும். 5 மணிக்குக்கூட 40 பாகைக்குச் சற்று மேல்தான் ஏறும். ஆகவே நல்ல நேரம் 2 முதல் 4.30 வரை. ஐரோப்பியச் செய்திகளில் வரும் "மணிக்கு 100" என்பது மையப்புள்ளி உச்சியில், வானம் முழு இருட்டில் இருந்தால் வரும் கணக்கு. இங்கே அதில் பாதிகூட எதிர்பார்க்க வேண்டாம். பாயை விரித்து வடக்கே பார்த்துப் படுங்கள். தொலைநோக்கி வேண்டாம், பார்வைப் புலத்தைக் குறுக்கிவிடும். கண் இருட்டுக்குப் பழக 20–30 நிமிடம் ஆகும், நடுவில் ஒரு தடவை செல்போன் பார்த்தாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. அமாவாசையை ஒட்டிய ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். மலையில் ஆகஸ்ட் மேகம் எப்போதும் ஆபத்து.

மகனுக்கு லாரன்ஸ் என்று பெயர். எந்த நாளைப் பெயர்த் திருநாளாகக் கொள்வது? 10 ஞாயிறானால் பூசை எந்த விழாவுக்கு?
(வாசகர், வேளாங்கண்ணி)

ஞானஸ்நானத்தில் எந்த லாரன்ஸை நினைத்தீர்களோ அவர் நாள். ரோமை லாரன்ஸ் ஆகஸ்ட் 10, பிரிந்திசி லாரன்ஸ் ஜூலை 21, பிலிப்பீன்ஸின் முதல் புனிதர் லொரென்சோ ரூயிஸ் செப்டம்பர் 28. ஆகஸ்ட் 10 பொது நாட்காட்டியில் "விழா" நிலையில் உள்ளது, நினைவு அல்ல. எனவே வானவர் கீதம் உண்டு, உடை சிவப்பு, வாசகம் 2 கொரிந்தியர் 9:6–10, நற்செய்தி யோவான் 12:24–26. ஞாயிறில் வந்தால் ஞாயிறே முந்தும். பங்கின் பாதுகாவலர் லாரன்ஸ் என்றால் மட்டும் அங்கே அது பெருவிழாவாகி ஞாயிறை விலக்கும். அடுத்து 10 ஞாயிறில் வருவது 2031-ல்.

ரோமைக்குத் திருப்பயணம் போகிறோம். லாரன்ஸ் கல்லறை இருக்கும் ஆலயத்தில் எதைப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது?
(வாசகர், சென்னை)

ஆலயத்தின் பெயர் மதிலுக்கு வெளியே உள்ள சான் லோரென்சோ. தெர்மினி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே சுமார் 2 கி.மீ., வெரானோ கல்லறைத் தோட்டத்தை ஒட்டி. ஏழு திருப்பயண ஆலயங்களில் ஒன்றாக நெடுங்காலம் இருந்தும் சுற்றுலாக் குழுக்கள் தவிர்த்துவிடுவது உண்டு, எனவே ஏஜென்டிடம் முன்பே பெயர் சொல்லிக் கேளுங்கள். நண்பகலில் மூடிவிடும் வழக்கம் உள்ளதால் காலையில் போங்கள்.

உள்ளே இரண்டு ஆலயம் ஒட்டியிருப்பது தெரிந்தால்தான் எதுவும் விளங்கும். திருத்தந்தை 2-ஆம் பெலாஜியுஸ் (579–590) கல்லறைமேல் ஓர் ஆலயம் கட்டினார். 13-ஆம் நூற்றாண்டில் 3-ஆம் ஹொனோரியுஸ் அதன் பின்பக்கம் புது நடுக்கூடத்தைக் கட்டி, வாசலை எதிர்த்திசைக்கு மாற்றினார். அதனால் பெலாஜியுஸ் காலத்து மொசைக், நுழைகிறவர் முகத்துக்கு முதுகு காட்டி நிற்கிறது. நேரே பீடம் வரை போய்த் திரும்பிவிடுவோர் அதைப் பார்ப்பதே இல்லை. பீடத்தைத் தாண்டிப் பின்பகுதிக்குப் போய், வந்த வழியை நோக்கித் திரும்பி, வளைவின் மேலே பாருங்கள்: உலகுருண்டைமேல் கிறிஸ்து, இருபுறமும் பேதுரு, பவுல், முடியப்பர், லாரன்ஸ். ஓரத்தில் ஒளிவட்டம் இல்லாமல் கையில் ஆலய மாதிரியை ஏந்தி நிற்பவர் பெலாஜியுஸ்.

பீடத்தின் கீழ் கல்லறையில் லாரன்ஸோடு முடியப்பரின் திருப்பண்டமும் இருக்கிறது. முடியப்பரைக் கொண்டுவந்தபோது லாரன்ஸ் நகர்ந்து இடம் கொடுத்தார் என்று ரோமை மக்கள் கதை சொல்வார்கள். பீடத்து மேற்கட்டி 1148-ல் ஆனது. 1943 ஜூலை 19 அமெரிக்க விமானக் குண்டுவீச்சில் முகப்பும் முன்மண்டபமும் சிதைந்தன, இப்போது நிற்பது பழைய கற்களைக்கொண்டு மீண்டும் எழுப்பியது. முன்மண்டபச் சுவரில் லாரன்ஸ், முடியப்பர் கதைகளின் ஓவியங்கள் உள்ளன. வெளியேறும்போது பார்க்கலாம் என்று விட்டால் பஸ் ஹாரன் அடித்துவிடும், உள்ளே போகும்போதே பாருங்கள்.

கிராதி என்று காட்டப்படும் இரும்பு இங்கே இல்லை. அது நகர மையத்தில் லூசினா பகுதியின் சான் லோரென்சோ ஆலயத்தில். தோளும் முழங்காலும் மூடிய உடை இரண்டு இடத்துக்கும் வேண்டும்.